பேஸ்லிப்ட்: இரண்டாம் நாள் இரவைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் மகளிர் பக்கத்தில் பேஸ்லிப்ட், அதாவது தொங்கும் முகத்தைத் தூக்கித் தைக்கும் சத்திர சிகிச்சை, பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. காதுக்கு முன்னால் சின்னதாக ஒரு வெட்டு, ஓரிரு நாள் ஓய்வு, அப்புறம் பத்து வயது குறைந்த முகம் என்று அதில் இருந்தது. அதை வாசித்துவிட்டு எங்கள் ஊரில் இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். ஒருவர் என்னிடம் படித்த பிள்ளை. இப்போது 46 வயது. வெளிநாட்டில் 11 வருடம் வீட்டு வேலை செய்து சேர்த்த பணம் கையில் இருக்கிறது. "டீச்சர், நீங்க செஞ்சுக்கிட்டீங்கதானே. நெசமாவே ரெண்டு நாள்ல எழும்பி வேலையப் பாக்கலாமா?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். நீளம் கூடினாலும் வெட்டாமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் மலைநாட்டில் டிக்கோயாப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் 34 வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். போன வருடம் ஆவணி மாதம் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கன்னத்தின் கீழ்ப்பகுதிக்கும் கழுத்துக்கும் சேர்த்து இந்தச் சத்திர சிகிச்சையைச் செய்துகொண்டேன். இந்த வயதில் எதற்கு என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி ஒன்றரை வருடத்தில் 19 கிலோ குறைத்திருந்தேன். முழங்கால் வலி போனது, ப்ரெஷர் கட்டுக்குள் வந்தது. கழுத்துத் தோல் மட்டும் வெறும் பை மாதிரித் தொங்கிவிட்டது. கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் "டீச்சருக்கு என்ன வருத்தம்?" என்று விசாரித்தார்கள். வருத்தம் எதுவும் இல்லை, நான் முன்னைவிட சுகமாக இருக்கிறேன் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

என் அம்மா கொழுந்து பறித்தவர். கூடைக் கயிறு பட்ட தடம் அவர் தலையில் கடைசி வரை இருந்தது. 50 வயதில் அவருக்கு 70 வயது முகம். மலைநாட்டு வெயில் அப்படி. மூடுபனி இருப்பதால் வெயில் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் ஒவ்வொரு 1,000 மீற்றர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த மலைகளில் நாள் முழுக்க நின்ற ஒரு பெண் தன் முகத்தைப் பற்றி யோசித்தால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. யோசிக்கிற பெண்ணுக்கு முழு விபரமும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

தோலை இழுத்துத் தைப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டொக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். தோலுக்குக் கீழே, தசையோடு சேர்ந்து ஒரு படலம் இருக்கிறது. வயது போகப் போக அது தளர்ந்து கீழே இறங்குவதால்தான் தாடை ஓரம் தொங்குகிறது. வெறும் தோலை மட்டும் இழுத்துத் தைத்தால் முகம் விறைப்பாகத் தெரியும், சீக்கிரம் பழையபடி தளர்ந்தும் விடும். லைனிங் நைந்த ரவிக்கையின் மேல்துணியை மட்டும் பிடித்துத் தைத்தால் எப்படி இருக்கும், அந்தக் கதைதான். 1976 இல் பிரான்ஸ் நாட்டு டொக்டர்கள் இருவர் இந்தப் படலத்தை விவரித்து எழுதிய பிறகு, அதைத் தூக்கித் தைத்து, தோலை அதன்மேல் இழுவை இல்லாமல் படுக்க வைத்து, மிஞ்சியதை மட்டும் வெட்டி எடுக்கும் முறை பரவியது. கழுத்தில் நாடா மாதிரி இரண்டு வரி தெரிகிறதே, அது தட்டையான ஒரு தசையின் இரண்டு ஓரங்கள். நாடிக்கு, அதாவது முகவாய்க்கு, அடியில் சின்னதாக வெட்டி, அந்த ஓரங்களை நடுவில் சேர்த்துத் தைக்கிறார்கள்.

ஆகவே "காதுக்கு முன்னால் சின்னதாக ஒரு வெட்டு" என்பது சரியில்லை. எனக்கு வெட்டு நெற்றிப்பொட்டு முடிக்குள் தொடங்கி, காதுக்கு முன்னால் இறங்கி, காதுச் சோணையைச் சுற்றி, காதுக்குப் பின்னால் ஏறி, பிடரி முடிக்குள் போய் முடிந்தது. இரண்டு பக்கமும் அப்படியே. நாடிக்கு அடியில் மூன்று சென்றிமீற்றர் அளவில் இன்னொன்று. முழு மயக்கத்தில் நாலரை மணித்தியாலம் மேசையில் இருந்தேன். டொக்டரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. எடை குறைந்து ஆறு மாதம் நிலையாக நிற்கட்டும் என்று என்னைத் திருப்பி அனுப்பியவர் அவர். பணத்துக்கு அவசரப்படுகிறவர் அப்படிச் செய்யமாட்டார்.

கண் விழித்தபோது தலையையும் நாடியையும் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது. தோலுக்குள் தேங்கும் இரத்தமும் நீரும் வெளியே வர, காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மெல்லிய குழாய். வலி நான் பயந்த அளவுக்கு இல்லை. யாரோ கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டே இருப்பது போன்ற இறுக்கம்தான் அதிகம். மறுநாள் காலையில் குழாயை எடுத்தார்கள். மத்தியானம் துண்டு வெட்டி, அதாவது வீட்டுக்குப் போக விடுவித்து, கையில் ஒரு தாளைக் கொடுத்து, போகலாம் என்றார்கள். எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கொழும்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு அவிசாவளை, கித்துல்கல வழியாக நாலு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். கித்துல்கல தாண்டி கினிகத்தேனை ஏற்றத்து வளைவுகளைப் பழகியவர்களுக்குத் தெரியும். மயக்க மருந்து இன்னும் முழுதாக இறங்காத வயிறு. இரண்டு தரம் வேனை நிறுத்தி வாந்தி எடுத்தேன். ஒவ்வொரு தரமும் முக்கும்போது கட்டுக்குள் முகம் வெடிப்பது போல இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அண்ணி கஞ்சி கரைத்துக் கொடுத்தார், அதுவும் வெளியே வந்துவிட்டது. இரவு போட வேண்டிய ப்ரெஷர் குளிசையைப் போடவில்லை. வயிறு ஏற்காதே என்று விட்டுவிட்டேன்.

இரவு ஒரு மணி இருக்கும். வலது பக்கம் மட்டும் விண்விண்ணென்று தெறித்தது. அண்ணி டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, ஒரு பக்கம் மட்டும் பந்து மாதிரி கல்லாட்டம் இருக்கு" என்றார். இடது பக்கம் மெத்தென்று இருந்தது. விழுங்கக் கஷ்டமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை எடுத்தோம். அது ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தது. அண்ணிக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். எனக்கு ஆங்கிலம் தெரியும், ஆனால் காதைச் சுற்றிக் கட்டு இருப்பதால் மூக்குக்கண்ணாடி போட முடியாது. அந்தத் தாளில் "ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் உடனே வரவும்" என்ற வரி இருந்ததை நான் வாசித்தது எத்தனையோ நாள் கழித்து. அதிலிருந்த நம்பருக்குக் கோல் எடுத்தோம். காலையில் எடுக்கச் சொன்னார்கள்.

அண்ணிதான் காத்திருக்க மாட்டேன் என்று அம்பியூலன்ஸ் நம்பரான 1990 இற்கு அடித்தார். சுவசெரிய அம்பியூலன்ஸ் மழைக்குள் தோட்டத்து ரோட்டில் ஏறி வந்தது. இங்கேயுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் இரவு வேலையில் இருந்த இளம் டொக்டர் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்த உடனே இரண்டு மூன்று தையலை வெட்டி இரத்தத்துக்கு வழி விட்டார், அந்த நிமிடமே மூச்சு லேசானது. அங்கிருந்து கண்டிக்குக் கொண்டுபோய், விடியுமுன் தியேட்டரில் வைத்துக் கட்டியாகியிருந்த இரத்தத்தை எடுத்துக் கழுவித் திரும்பத் தைத்தார்கள். தோலுக்கு அடியில் இப்படி இரத்தம் தேங்குவதுதான் இந்தச் சத்திர சிகிச்சையில் வரக்கூடிய சிக்கல்களில் அதிகம் காண்பது என்று அங்கே சொன்னார்கள். பெரும்பாலும் முதல் 24 மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். ப்ரெஷர் உள்ளவர்களுக்கும் ஆண்களுக்கும் வாய்ப்பு கூட. வாந்தி, இருமல், முக்குதல், ப்ரெஷர் ஏறுதல் எல்லாம் அதைக் கிளப்பிவிடும். தேங்கிய இரத்தம் மேலே உள்ள தோலுக்குப் போகும் இரத்த ஓட்டத்தை நெரித்தால் தோல் செத்துவிடும். கழுத்தில் கூடினால் மூச்சுக்குழாயை அமுக்கும். எனக்கு வலது காதுக்குப் பின்னால் இரண்டு ரூபாக் குற்றி அளவுக்குத் தோல் கறுத்து உதிர்ந்தது. ஆற இரண்டு மாதம் ஆனது. அந்த டொக்டருக்கும், தமிழில் பேசித் தைரியம் சொன்ன தாதி மிஸ்ஸுக்கும், அம்பியூலன்ஸ் பிள்ளைகளுக்கும் நான் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

என்னை வெட்டிய டொக்டரிடம் பிறகு போனபோது அவர் அதிர்ந்துபோனார். நான் கொழும்பிலேயே தங்குவேன் என்றுதான் நினைத்தாராம். ஒரு கேள்வி கேட்டிருந்தால், அல்லது நானாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த இரவு இல்லை. இதைத்தான் என் பழைய மாணவியிடம் முதலில் சொன்னேன். மலையில் இருந்து போகிறவர்கள் குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் தையல் எடுக்கும் வரை, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட அறை எடுத்துத் தங்க வேண்டும். அறை வாடகை, கூட இருக்கிறவரின் சாப்பாடு, மருந்து எல்லாவற்றையும் சேர்த்துத்தான் செலவுக் கணக்குப் போட வேண்டும். காசு போதாவிட்டால் அடுத்த வருடம் செய்யலாம், கழுத்து எங்கேயும் ஓடிப்போகாது. வைகாசியில் இருந்து புரட்டாசி வரை மழையிலும் மண்சரிவிலும் எந்த ரோட்டு எப்போது அடைபடும் என்று தெரியாது. தை, மாசி நல்லது.

இனி இரண்டு நாள் ஓய்வு என்ற கதை. மூன்றாம் நாள்தான் வீக்கம் உச்சம். அண்ணி அலுமாரிக் கண்ணாடியில் ஒரு சேலையைப் போட்டு மூடிவிட்டார். நல்ல காரியம் செய்தார். கன்னத்துக் கன்றல் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் இறங்கி, ஊதாவாக இருந்து பச்சையாகி மஞ்சளாகி மறைய மூன்று வாரம் போனது. காதுக்கு முன்னால் உள்ள தையலை 7ஆம் நாளும் மிச்சத்தைப் பிறகும் எடுத்தார்கள். இரண்டு தலையணை வைத்து மல்லாந்துதான் தூங்க வேண்டும். கழுத்தை மட்டும் திருப்பக்கூடாது, யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்ப வேண்டும். குனிந்து குடம் தூக்குவது, விறகு வெட்டுவது, ஏற்றத்தில் சாமான் சுமப்பது எல்லாம் நாலு வாரத்துக்கு இல்லை. தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) இருக்கிற ஒரு பெண்ணுக்கு, தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் இது நடக்காத காரியம். இரண்டாவது வாரத்தில் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. இதை ஏன் செய்தோம் என்று விடிய விடிய யோசித்தேன். பலருக்கும் அப்படி வரும், வீக்கம் வற்ற வற்றத் தானாகப் போகும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

மரத்துப்போவதைப் பற்றி ஒரு வார்த்தை கூட உங்கள் கட்டுரையில் இல்லை. கன்னமும் காதைச் சுற்றியுள்ள இடமும் எனக்கு ஐந்து மாதம் உணர்ச்சி இல்லாமல் இருந்தது. வலது சோணையில் இன்னும் முழுதாக வரவில்லை. தோடு போடும்போது கண்ணாடியில் பார்த்துத்தான் போடுகிறேன். காதுக்குப் போகும் நரம்பு கழுத்து வழியாக வருகிறது, இந்தச் சத்திர சிகிச்சையில் அதிகம் அடிபடுவது அதுதான். முகத்தை அசைக்கும் நரம்பு அடிபட்டால் புருவமோ உதட்டோரமோ ஒரு பக்கம் இறங்கலாம். அது அரிது, வந்தாலும் பெரும்பாலும் சில மாதத்தில் திரும்பிவிடும், ஆனாலும் கையெழுத்துப் போடுமுன் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊர்க் குளிருக்கு நாங்கள் என்ன செய்வோம்? அடுப்பு ஓரத்தில் உட்காருவோம், துணியைச் சுட வைத்து ஒத்தடம் கொடுப்போம், சுடுதண்ணீர்ப் பையைக் கன்னத்தில் வைப்போம். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. வெந்த பிறகுதான் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா அன்போடு மஞ்சளும் நல்லெண்ணெயும் காய்ச்சிக் கொண்டுவந்தார். தையல் மேல் அதைப் போடக்கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அண்ணிதான் சொன்னார். தைலமும் அப்படித்தான். மப்ளர் கட்டலாம், ஆனால் முரட்டுக் கம்பளி காதுக்குப் பின்னால் உரசாமல் உள்ளே ஒரு பருத்தித் துணி வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தழும்பில் வெயில் படவிடக்கூடாது, பட்டால் கறுத்துப்போகும். நம்மைப் போன்ற கறுத்த, மாநிறத் தோலில் தழும்பு தடித்து எழும்பவும் வாய்ப்பு கூட. காது குத்திய இடமோ அம்மை குத்திய இடமோ தடித்து வளர்ந்தவர்கள் அதை முதல் நாளே டொக்டரிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். எல்லா டொக்டரும் சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்பார்கள். எங்கள் பெண்கள் இல்லை என்பார்கள், அது உண்மைதான். ஆனால் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் எத்தனை பேர்! கொழுந்து மலையில் பசியையும் குளிரையும் தாங்க அதுதான் துணை. புகையிலையில் உள்ள நிக்கொட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். மெல்லினாலும் உடம்பில் ஏறும். தூக்கித் தைத்த தோலுக்கு இரத்தம் ஒழுங்காகப் போகாவிட்டால் ஆறாது. முன்னாலும் பின்னாலும் குறைந்தது நாலு வாரம் வாயில் புகையிலை படக்கூடாது. கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். இதயத்துக்கு அஸ்பிரின் போடுகிறவர்களும், கடையில் வாங்கி மீனெண்ணெய், பூண்டுக் குளிசை போடுகிறவர்களும் அதையும் சொல்ல வேண்டும். அவை இரத்தம் உறைவதைத் தாமதிக்கும். அஸ்பிரினைத் தானாக நிறுத்தவும் கூடாது, டொக்டர் சொல்லும் நாளில்தான்.

பலன் என்ன என்று கேட்டால், ஆறு மாதத்துக்குப் பிறகு தாடை ஓரமும் கழுத்தும் தெளிவாகத் தெரிகின்றன. கண்ணுக்குக் கீழே உள்ள பையும் நெற்றிச் சுருக்கமும் அப்படியே இருக்கின்றன. இந்த வெட்டு அந்த இடங்களைத் தொடுவதே இல்லை. கன்னத்து மங்கும் போகவில்லை, தோலின் நிறத்தையோ தரத்தையோ இது மாற்றாது. வயது போவதும் நிற்காது. பத்து வருட அளவில் கழுத்து மறுபடி தளரத் தொடங்கலாம். பென்ஷன் எடுக்கப் போனபோது வங்கியில் ஒரு பிள்ளை, "டீச்சர், நல்லாத் தூங்கி எழும்பின மாதிரி இருக்கீங்க" என்றது. எனக்கு அது போதும். செய்ததற்கு நான் வருந்தவில்லை. வீட்டுக்கு வந்த விதத்துக்குத்தான் வருந்துகிறேன்.

ஒரு மணித்தியாலத்தில் நூல் வைத்து இழுக்கலாம், கிரீம் பூசித் தசையை இறுக்கலாம் என்று அழகு நிலையங்களில் ஒட்டியிருக்கிறார்கள். நூல் வேறு வேலை, அதன் பலனும் கொஞ்ச நாளைக்குத்தான். பிரிந்த கழுத்துத் தசையைச் சேர்க்கும் கிரீம் எதுவும் இல்லை. கத்தி வைக்கிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா, பிளாஸ்டிக் சத்திர சிகிச்சையில் நிபுணர் பயிற்சி பெற்றவரா என்று பார்க்க வேண்டும். அந்த இடம், 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதியப்பட்டதா என்றும் கேட்கலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை.

ஆஸ்பத்திரிகளிடம் இரண்டே கேள்வி. வீட்டுக்கு அனுப்பும் தாளைத் தமிழிலும் தந்தால் என்ன? 1987 இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அது தனியார் ஆஸ்பத்திரித் தாளுக்குப் பொருந்துமா என்ற சட்ட வாதத்துக்கு நான் வரவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு அதை வாசிக்க வேண்டியவர் நோயாளி அல்ல, கூட இருக்கிறவர் என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள். அடுத்தது, துண்டு வெட்டுமுன் "இன்று ராத்திரி எங்கே தங்குகிறீர்கள், அங்கிருந்து இங்கே வர எத்தனை மணித்தியாலம்?" என்று கேளுங்கள். ஆசிரியர் அவர்களே, உங்கள் பக்கத்திலும் அடுத்த முறை அழகான முகங்களின் படத்தோடு இந்தக் கேள்வியையும் போடுங்கள்.

நானும் அண்ணியும் உட்கார்ந்து அந்தத் தாளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறோம். ஒரு பக்கம் மட்டும் வீங்கினால், விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமானால், காய்ச்சல் வந்தால், தையலில் சீழ் வந்தால், தோல் கறுத்தால் என்று ஐந்தே வரி. கீழே 1990. ஒரு பிரதி என் பழைய மாணவியிடம் இருக்கிறது. அவர் தை மாதம் கொழும்புக்குப் போகிறார். வெள்ளவத்தையில் பத்து நாளுக்கு அறை பேசியாகிவிட்டது. கூடப் போவது அண்ணிதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
டிக்கோயா.
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)